இப்படிக் குடு, நான் காட்டுறேன்

மனிதர்களில் 'இப்படிக் குடு' என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். சாவி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பின்னாலிருந்து ஒரு கை நீளும், "இப்படிக் குடு" என்று ஒரு குரல் வரும், நீங்கள் திரும்புவதற்குள் சாவி அந்தக் கையில் இருக்கும், கதவும் திறந்திருக்கும். "இவ்வளவுதானே!" என்று ஒரு சிரிப்பு வேறு. நன்றி சொல்வதா, அந்தக் கையைக் கடித்து வைப்பதா என்று உங்களுக்கே தெரியாது.

இந்த ரகம் எங்கே போட்டாலும் முளைக்கும். ஆனால் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் போட்டால்தான் கொழுகொழுவென்று வளரும். அங்கே பிடுங்குவதற்குச் சாமான்கள் அதிகம். ஸ்க்ரூ டிரைவர், சோல்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், மவுஸ் என்று எதை எடுத்தாலும் யாராவது ஒரு மாணவன் கோணல்மாணலாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். பார்க்கிறவர் கை சும்மா இருக்குமா?

எங்கள் மின்னணுவியல் துறையில் அப்படி ஒரு பேராசிரியர் இருக்கிறார். நானும் அதே துறையில்தான் பாடம் நடத்துகிறேன் என்பதால் மிகக் கிட்டத்திலிருந்து தரிசிக்கும் பாக்கியம் பெற்றவன். நன்றாகப் படித்தவர். தங்கமான மனசு. மாணவர்களை ஒருநாள்கூடக் கடிந்து பேசியதில்லை. மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இப்படிக்குடு சார்'. அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், அந்தப் பெயரை இன்னும் நன்றாக எப்படி வைப்பது என்று வாங்கி வைத்துக் காட்டியிருப்பார்.

வகுப்பில் கேள்வி கேட்பார். வகுப்பு யோசிக்கத் தொடங்கும். யோசிக்கும்போது ஓர் அமைதி வருமே, அது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், அது வந்து..." என்று இழுத்தான். "கரெக்ட்! அது வந்து, கெபாசிட்டர் சார்ஜ் ஆகுறதால! வெரி குட், உட்காரு" என்று சொல்லிக் கைதட்டவும் வைத்துவிட்டார். அந்தப் பையன் பாத்ரூம் போக அனுமதி கேட்க எழுந்தவன். பாவம், கைதட்டலையும் வாங்கிக்கொண்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆய்வகத்தில் கேட்கவே வேண்டாம். மேஜை மேஜையாக வருவார். ஒருத்தி வயரைச் சொருகப் பார்ப்பாள், இப்படிக் குடு. ஒருவன் அளவைப் படிக்கக் குனிவான், நகரு நகரு. இன்னொருவன் தப்பு எங்கே என்று அப்போதுதான் மோப்பம் பிடித்திருப்பான், அதற்குள் இவர் தப்பைக் கண்டுபிடித்து, திருத்தி, விளக்கெரியவைத்து, அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போயிருப்பார். மணி அடிக்கும்போது எல்லா சர்க்யூட்டும் வேலை செய்யும். எல்லாம் ஒரே ஆள் செய்தது. மதிப்பெண் மட்டும் வகுப்புக்கு.

வீட்டில் எப்படி என்று அவர் மனைவியிடம் ஒருநாள் கேட்டேன்.

"எங்க வீட்டுல மூடி இறுகின டப்பாவை நானா திறந்து யுகமாச்சுங்க. கையில எடுத்தாப் போதும், எங்கிருந்தாலும் பறந்து வந்துடுவார். பையன் சைக்கிள் கத்துக்கிட்டதே இவர் வெளியூர் போயிருந்த வாரத்துலதான்" என்றார் அந்த அம்மாள்.

இப்படிப்பட்டவர் காதில் போன வருஷம் 'மென்டர்' என்ற சொல் விழுந்தது. ஒவ்வொரு ஆசிரியரும் சில மாணவர்களைத் தனியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும், யாரும் ஒதுங்கிப் போய்விடக்கூடாது என்று கல்லூரி ஒரு நல்ல திட்டம் போட்டது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. நம்மவர் முதல் ஆளாகக் கை தூக்கி, "கஷ்டப்படுற பிள்ளைங்க எல்லாரையும் எங்கிட்ட விடுங்க" என்றார்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்பாவும் இன்ஜினீயர், அண்ணனும் இன்ஜினீயர் என்று தொட்டிலிலேயே ஸ்பேனரோடு படுத்திருந்த பையன் தடுமாறினால், "ட்ரை பண்ணு, உனக்கு வரும்" என்று சொல்லிவிட்டு இவர் நகர்ந்துவிடுவார். ஆனால் குடும்பத்திலேயே முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை, காதில் கருவி மாட்டிய பிள்ளை, ஸ்க்ரூ டிரைவரை இப்போதுதான் முதலில் தொடும் பெண் என்றால் போச்சு. மனசு இளகும், உடனே கை நீளும். பாசம் கூடக்கூடப் பிடுங்கும் வேகமும் கூடும். யாருக்குக் கைப்பழக்கம் அதிகம் தேவையோ, அவர்கள்தான் ஒன்றையும் தொடாமலே தேறிப் போனார்கள். இதைவிட அநியாயம் உண்டா? ஆனால் அதை அநியாயம் என்று சொல்ல வாய் வராது, அவ்வளவு அன்பான முகம்.

அவர் பொறுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பேசும்போது திக்கும். முதல் எழுத்தில் வண்டி நிற்கும், பிறகு கிளம்பிவிடும். தலை நல்ல தெளிவு. ஆனால் வண்டி கிளம்பும்வரை காத்திருக்க நம்மவரால் முடியுமா? அவள் உதடு அசைந்ததுமே வாக்கியத்தை வாங்கி முடித்துக் கொடுத்துவிடுவார். போன பருவத்து வாய்மொழித் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் இவரே பதில் சொன்னார். அருமையான பதில்கள். மாணவி பேசவே இல்லை என்று தேர்வாளர் அவளை ஃபெயிலாக்கிவிட்டார்.

"மனசாட்சியே இல்லாத ஆளு!" என்று ஆசிரியர் அறையில் கொதித்தார் நம்மவர். "அடுத்த தடவை விடமாட்டேன். முழுசாத் தயார் பண்ணிட்டுப் போறேன்."

போறேன் என்றாரே தவிர, அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

இந்தத் தடவை அவளுக்கு வாழ்வா சாவா என்ற நிலை. ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது, பட்டத்தோடு வந்தால் சேரலாம் என்றிருந்தார்கள். இதிலும் ஃபெயிலானால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. அவள் செய்திருந்தது தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவி. அன்று அந்த அறையில் இரண்டாவது தேர்வாளராக நானும் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஓர் அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு நிதானமாகப் பார்ப்பவர். மாணவிக்கு மென்டர் என்ற முறையில் நம்மவரும் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு குட்டி மோட்டார். தண்ணீர் சலசலவென்று ஏறியது. ஏறி, மேலே நீட்டியிருந்த கம்பியைத் தொட்டது. மோட்டார் நிற்கவில்லை. மாணவி பதற்றமில்லாமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நம்மவர் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். கால் மாற்றி நின்றார். மறுபடியும் மாற்றினார்.

"ச... சார், கொ... கொஞ்சம்..." என்று அவள் தொடங்கினாள்.

"கொஞ்சம் லூஸா இருக்கு, அதானே? இப்படிக் குடு!" என்று பாய்ந்து வயரைப் பிடித்து ஓர் இழு இழுத்தார்.

வயர் அவர் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் தொட்டியை நிறைத்து, மேஜையில் வழிந்து, ஓடிவந்து அவருடைய பேன்ட்டில் இறங்கியது. தேர்வாளர் அம்மாள் எட்டி சுவிட்சை அணைத்தார். மாணவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பட்டமும் வேலையும் சேர்ந்து அந்த மேஜையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தன.

"ஒண்ணுமில்ல மேடம், ரெண்டு நிமிஷத்துல நானே சரி பண்ணிடுறேன்" என்றார் நம்மவர், கையில் வயரோடு.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க ரெண்டு கையையும் கொஞ்சம் பின்னாடி கட்டிக்கிறீங்களா?" என்றார் தேர்வாளர் அம்மாள்.

அவர் கட்டிக்கொண்டார். அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஈரப் பேன்ட்டோடு, கைகட்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒரு பேராசிரியர்.

மாணவி சோல்டரிங் அயர்னைச் சூடாக்கினாள். வயரைத் திரும்பப் பற்றவைத்தாள். தொட்டியைக் காலி செய்து மறுபடியும் மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் ஏறியது, கம்பியைத் தொட்டது, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. நம்மவர் தோள்கள் துடித்தன. எனக்கே என்னவோ போலிருந்தது, உள்ளபடி சொல்கிறேன். ஒருவரும் அசையவில்லை. க்ளிக். மோட்டார் நின்றது.

"ஏம்மா உடனே நிக்கல?" என்றார் அம்மாள்.

"தண்ணி வி... விழும்போது அ... அலை அடிக்கும் மேடம். அலை பட்டதுமே நிறுத்தினா, நின்னு நின்னு ஓடி மோ... மோட்டார் கெட்டுடும். அதனால தண்ணி அடங்கி நிக்குதான்னு கொஞ்ச நேரம் பா... பார்த்துட்டுத்தான் நிறுத்தும்."

அம்மாள் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு இன்னும் கேள்விகள் கேட்டார். அவள் நின்று நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நம்மவரின் உதடுகள் மட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் சத்தமில்லாமல் முன்கூட்டியே அசைந்துகொண்டிருந்தன. பாதிக்கு மேல் தப்பாக அசைந்தன. அவள் பாஸ். நல்ல மதிப்பெண்.

திருந்திவிட்டாரா என்றா கேட்கிறீர்கள்? 'மாணவரைத் தாமே செய்ய விடுவது எப்படி' என்று அடுத்த மாதமே எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார். குழுவாக உட்கார்ந்து சார்ட் எழுதச் சொன்னார். எங்கள் குழுவின் சார்ட்டை அவர்தான் எழுதினார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தேர்வு முடிந்த அன்று, வராந்தாவில் அவளை நிறுத்தி, உண்மையிலேயே மனசு நொந்துபோய்க் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"ஏம்மா, நான் இப்படிக் குறுக்க குறுக்க வர்றது உனக்குக் கஷ்டமா இருந்தா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொ..." என்று அவள் தொடங்கினாள். "சொ... சொ..."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் காத்திருந்தது சரி. நீங்கள்? 'சொன்னேன் சார், நீங்கதான் கேக்கல' என்று இந்நேரம் மனசுக்குள் முடித்துக் கொடுத்துவிட்டீர்களா இல்லையா? உங்களைத்தான் கேட்கிறேன்.

"சொ... சொல்லத்தான் சார் போன மாசம் உங்க ரூமுக்கு வந்தேன்" என்று அவள் முடித்தாள். "லீவுதானே வேணும், எ... எடுத்துக்கோன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டீங்க."