நத்தமேட்டு ஒருவழிப் பாதை

மனித குலம் இதுவரை மூன்று மகத்தான காரியங்களைச் செய்திருக்கிறது. நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நத்தமேட்டுக் குன்றின்மேல் மலைச் சைக்கிள் பாதை போட்டது. முதல் இரண்டுக்கும் செயலாளராக இருந்தவர் யார் என்று சரித்திரத்தில் குறிப்பில்லை. மூன்றாவதற்கு நான்தான். பெயர் அனந்தகிருஷ்ணன்.

எங்கள் அமைப்பு ‘தென்சென்னைப் புறநகர் மலைச் சைக்கிள் தன்னார்வலர் பேரவை’. தன்னார்வலர் என்றால் தன்மீது ஆர்வமுள்ளவர் என்று எங்கள் குடியிருப்பிலேயே ஒருவர் கேலி பேசினார். பொறாமைக்காரர். அவரைத் துணைத்தலைவராக்கினோம். பேச்சு நின்றுவிட்டது.

தலைவர் தோத்தாத்ரி, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் இருக்கும் மகள் அவருக்கு ஒரு காணொளி அனுப்பினாள். அதில் பனிமலைச் சரிவில் ஆண்களும் பெண்களும் சைக்கிளில் பறந்துகொண்டிருந்தார்கள். பார்த்து முடித்த தோத்தாத்ரி பால்கனிக்கு வந்தார். எதிரே குன்று.

“அனந்து, இது இத்தனை நாளா சும்மா நின்னுண்டிருக்கே!” என்றார்.

தான் ஓய்வு பெற்ற பிறகு வேறெதுவும் ஓய்வில் இருப்பதை அவரால் பொறுக்க முடிவதில்லை.

குன்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்தப் பக்கம் நத்தமேடு கிராமம். நடுவில், நேராக ஏறி நேராக இறங்கும் ஓர் ஒற்றையடித் தடம். நத்தமேட்டுக்காரர்கள் நடந்து நடந்தே போட்டது. பாதை வடிவமைப்புக்குப் பொறுப்பேற்ற ஸ்ம்ருதி அதைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மலைப்பாதை அமைப்பதில் ஆன்லைன் சான்றிதழும் வாங்கியவள்.

“நேரா ஏறுறது ரொம்பத் தப்பு அங்கிள். மழைத்தண்ணி அரிச்சுடும். அதோட, ஃப்ளோவே இல்ல.”

ஃப்ளோ என்றால் என்னவென்று கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஞாயிறுதோறும் தன்னார்வலர்கள் திரண்டோம். கையுறை, தொப்பி, முதுகில் பேரவையின் பெயர் அச்சிட்ட பனியன். கடப்பாரைகள் குறைவாக இருந்ததால், பிடித்துக்கொண்டு படமெடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பொங்கல், வடை முடிந்ததும் கலைந்தோம். திங்கட்கிழமை பொக்லைன் வந்து மீதி வேலையைச் செய்தது. மீதி என்றால், வேலை.

அற்புதமான பாதை உருவானது. நம்மூர் மலைச் சாலைகளில் உள்ளதுபோல அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள், சைக்கிள் துள்ளுவதற்கு மேடுகள், குதிப்பதற்கு ஒரு பள்ளம். ஏறுவதற்கு மட்டுமான ஒருவழிப் பாதை என்று எங்கள் பக்கத்து அடிவாரத்தில் போர்டும் வைத்தோம். பழைய ஒற்றையடித் தடத்தை யாரும் ‘தவறாக’ப் பயன்படுத்திவிடக்கூடாது என்பதற்காகக் குறுக்கே தோண்டி முள் வெட்டிப் போட்டோம்.

அப்போதுதான் பேபி என்ற பெண்மணி எங்களைப் பார்க்க வந்தார். நத்தமேட்டுக்காரர். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

“இன்னா சார், வழிய நோண்டி முள்ளு போட்டு வெச்சிகீறீங்க? எங்க கல்லறைக்குப் போற வழி சார் இது.”

எங்கள் குடியிருப்புச் சுவரை ஒட்டித்தான் நத்தமேட்டின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வீடு விற்றபோது கொடுத்த விளம்பரத் தாளில் அதை ‘அமைதியான சுற்றுப்புறம்’ என்று குறிப்பிட்டிருந்தார்கள். பொய்யில்லை.

தோத்தாத்ரி கனிவாக விசாரித்தார். “எவ்ளோ அடிக்கடி யூஸ் பண்றீங்கம்மா?”

“சாவு வுழுந்தா போவோம். கல்லறைத் திருநாளுக்குப் பூ போடப் போவோம்.”

“அப்போ டெய்லி யூஸ் இல்ல.”

“டெய்லி யாரு சார் சாவுறாங்க?”

இந்த ஒப்புதல் வாக்குமூலத்தின் அடிப்படையில் நத்தமேட்டு மக்கள் ‘அவ்வப்போதைய பயனாளிகள்’ என வகைப்படுத்தப்பட்டனர். பேபி அதற்கும் அசையவில்லை.

“எங்கப்பா படுத்த படுக்கையா கீறாரு சார். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எப்படித் தூக்கினு போறது?”

“எப்பவும் பாசிட்டிவா யோசிக்கணும்மா,” என்றார் தோத்தாத்ரி. “அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது.”

இரண்டு வடை கொடுத்தோம். வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

திறப்பு விழாவை டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை வைத்தோம். மழை விட்டிருந்தது. ஆனால் நத்தமேட்டிலிருந்து குன்றைச் சுற்றி வரும் சாலையில் ஏரி வழிந்து இடுப்பளவுத் தண்ணீர். எங்கள் பக்கம் காய்ந்துதான் இருந்தது. இயற்கையும் பேரவையின் பக்கமே. உச்சியில் சிவப்பு நாடா கட்டினோம். கீழே தலைக்கவசம் அணிந்த வீரர்கள் சைக்கிளோடு காத்திருந்தார்கள். தோத்தாத்ரி உடலைக் கவ்விப்பிடிக்கும் சைக்கிள் கால்சட்டை அணிந்திருந்தார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று பேரவைக்குள் ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு.

அவர் கத்தரியை எடுத்த நேரம் அந்தப் பக்கத்துச் சரிவிலிருந்து மேளச் சத்தம் கேட்டது. நாங்கள் மேளத்துக்குச் சொல்லவில்லை.

முதலில் மேளக்காரர்கள் வந்தார்கள். பின்னால் ஆறு பேர் தோளில் ஒரு சவப்பெட்டி. பேபியின் அப்பா சவுரிமுத்து முந்தின நாள் இறந்துவிட்டார். பாசிட்டிவாக யோசிக்கவில்லை போலும்.

தோத்தாத்ரி இரு கைகளையும் விரித்து மறித்தார். “எக்ஸ்க்யூஸ் மி! இது ஒன்வே. கீழ போர்டு பாக்கலியா?”

முன்னால் தோள் கொடுத்திருந்தவர் பேபியின் சித்தப்பா அந்தோணிசாமி. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “எங்க அண்ணனுக்கும் ஒன்வேதான் சார். திரும்பி வரமாட்டாரு.”

சாதுரியமான பதில்தான். விதிகளில் அதற்கு இடமில்லை. அந்த இடத்திலேயே அவசரச் செயற்குழுவைக் கூட்டினோம். சவப்பெட்டி வாகனமா, இல்லையா என்பது முதல் பொருள். சக்கரம் இல்லாததால் வாகனமல்ல என்றார் துணைத்தலைவர். வாகனமல்ல என்றால் பாதையில் அனுமதி கிடையாது. வாகனம் என்றால் தலைக்கவசம் கட்டாயம்.

“தூக்கறவங்களுக்கா, உள்ள இருக்கறவருக்கா?” என்று ஸ்ம்ருதி கேட்டாள்.

மிக நுட்பமான கேள்வி. விவாதம் நீண்டது. மேளம் நின்றுவிட்டது. பெட்டியை இறக்கி வைக்க அங்கே சமதரை இல்லை, இருந்ததையெல்லாம் மேடாக்கியிருந்தோம். ஆறு பேரும் தோள் மாற்றாமல் நின்றார்கள். ஒருவரின் கால் நடுங்கத் தொடங்கியது.

பேபி முன்னால் வந்தார். அழுது முடித்த முகம்.

“நீங்க பேசி முடிச்சிட்டு வாங்க சார். நாங்க போறோம்,” என்று நாடாவைக் கையால் தள்ளினார். அது அறுந்தது.

இவ்வாறாகப் பாதை திறந்துவைக்கப்பட்டது.

ஊர்வலம் எங்கள் பக்கம் இறங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பெட்டி திரும்பவில்லை. முன்னால் பிடித்தவர்கள் சரிவின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். பின்னால் பிடித்தவர்கள் மண் சுவரில் முட்டி நின்றார்கள்.

“சைக்கிள் திரும்பற அளவுக்குத்தான் அங்கிள் போட்டேன்,” என்றாள் ஸ்ம்ருதி. கையுறையைக் கழற்றிவிட்டு உதவப் போனாள். எங்கள் விபத்துக் காப்பீடு சைக்கிள் ஓட்டும்போது மட்டுமே செல்லும் என்று நான் நினைவூட்டினேன். நின்றுவிட்டாள். செயலாளர் என்று ஒருவர் இதற்குத்தான் வேண்டும் என்பது.

பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே ஏதோ நகர்ந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பேபி ஓடிவந்து சாய்ந்த மூலைக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார்.

“அப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோப்பா. தோ, வந்துட்டோம்.”

“தலைக்கு மேல தூக்குங்கடா!” என்று அந்தோணிசாமி கத்தினார். தூக்கினார்கள். தலைக்கு மேலே பெட்டியைப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாகத் திரும்பினார்கள். அடுத்த வளைவிலும் அப்படியே. சைக்கிள் குதிக்க வேண்டிய பள்ளத்தில் இரண்டு பேர் முதலில் இறங்கி, நெஞ்சில் தாங்கி வாங்கிக்கொண்டார்கள். அந்த நேரத்திலும் எங்கள் வீரர் ஒருவர் கீழிருந்து மணியடித்து முறைப்படி வழி கேட்டார். பயிற்சி வீண்போகவில்லை.

அடக்கம் முடிந்து பேபி எங்களிடம் வந்தார். சேலையெல்லாம் செம்மண்.

“எங்க வழியத் திருப்பிக் குடுத்துடுங்க சார்.”

தோத்தாத்ரி கைகூப்பினார். “ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உங்க ஃபீட்பேக்கைக் கமிட்டில வைக்கறேன். அந்த வளைவெல்லாம் பொதுவா எப்படி இருந்தது?”

பேபி சேலையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“எங்கம்மாவ அந்தப் பழைய வழியாத்தான் தூக்கினு வந்தோம் சார். தூங்கற மாதிரியே வந்துச்சு,” என்றார்.

கருத்து பதிவு செய்யப்பட்டது. முள் வேலி இன்னும் பலப்படுத்தப்பட்டது.

பிப்ரவரியில் ஒரு நிறுவனம் மாநில அளவில் போட்டி அறிவித்தது. உள்ளூர் மக்களின் பங்கேற்போடு அமைந்த சிறந்த திட்டத்துக்குப் பரிசு. எங்களைத் தவிர வேறு யாருக்குக் கிடைக்கும்? விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது ஒரு சிறு சிக்கல். நாங்கள் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் உள்ளூர் மக்கள் ஒருவர்கூட இல்லை. தேடித் தேடி ஒரே ஒரு படம் அகப்பட்டது. வளைவுக்குக் கீழே நின்று தோத்தாத்ரி எடுத்தது. ஆறு ஆண்களும் ஒரு பெண்ணும், வியர்வை வழிய, தலைக்கு மேலே ஒரு நீண்ட பலகையைப் பிடித்திருக்கிறார்கள். கீழிருந்து எடுத்ததால் மாலையும் சிலுவையும் தெரியவில்லை. ‘பாதைப் பணிக்காக மரம் சுமந்து வரும் உள்ளூர்த் தன்னார்வலர்கள் ஏழு பேர்’ என்று கீழே எழுதி அனுப்பினோம்.

முதல் பரிசு. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, குன்றடியில் பாதை தொடங்கும் இடத்தில் பலகையாக நட்டோம்.

போன வாரம், தண்ணீர் வடிந்த சாலையில் சுற்றிக்கொண்டு, அப்பாவுக்குப் பூ போட வந்த பேபி அதன்முன் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“சார், அது மரம் இல்ல. உள்ள எங்கப்பா கீறாரு.”

நியாயமான ஆட்சேபம். தவறு யார் சுட்டிக்காட்டினாலும் ஏற்றுக்கொள்வதுதான் பேரவையின் பண்பாடு. அன்று மாலையே திருத்திவிட்டோம். தன்னார்வலர்கள் இப்போது எட்டுப் பேர்.