எட்டு நாள் கையைக் கட்டிகினு சிங்கப்பூர்

பேரு சக்கரவர்த்தி. ஊரு ஆரணி. ஆட்சி என் வூட்டுக்காரி சிவசங்கரியோடது.

எனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கங்க. பட்டைப் பாத்தா கை சும்மா இருக்காது. முப்பது வருசமா தறிக்காரன் இல்லையா, ரெண்டு வெரல்ல தேச்சிப் பாத்து தரம் சொல்லிடுவேன். தெள்ளார்ல ஒரு கல்யாணம். மேடை ஏறி பொண்ணு முந்தானையைத் தேச்சி, "இது பவர்லூமு"ன்னுட்டேன். பக்கத்துல மைக் இருந்திச்சு.

இந்த வருசம், 2004ல, சிவசங்கரியோட தம்பி, என் மச்சான் குமரேசன் சிங்கப்பூருக்குக் கூப்ட்டான். ஃப்ளைட் ஏறசொல்லோ சிவசங்கரி கண்டிசன் போட்டா.

"எட்டு நாள் யாரு துணியையும் தொடக்கூடாது. தொட்டீங்க, தீபாவளிக்கு என் தங்கச்சி குடும்பம் நம்ம வூட்ல பத்து நாளு."

"தொடலைன்னா?"

"வரவேணாம்னு நானே சொல்லிடறேன்."

தங்கச்சி நல்ல பொண்ணு. அவ புருசன் ஜெயவேல்தான் பேஜாரு. போர் போட்ட கதையை ஆரம்பிச்சான்னா, தண்ணி வர்றதுக்கே மூணு நாளாவும். "சகல, நூறு அடியில பாறை சகல... நூத்திப்பத்துலயும் பாறை சகல..." அடி அடியா எறங்குவான்.

சத்தியம் பண்ணிட்டேன்.

மாரியம்மன் கோயில்ல அம்மனுக்கு நல்ல அரக்குப் பட்டு. கும்பிட்ட கையைப் பிரிக்கவே இல்ல. "என்னா பக்தி"ன்னாரு பூசாரி. மலாய்க்காரங்க கல்யாணத்துல மாப்ள இடுப்புல முழுச் சரிகைத் துணி. கையை பேன்ட் பாக்கெட்ல உட்டவன் எடுக்கல. பிரியாணியை சிவசங்கரி ஊட்டினா. பக்கத்து டேபிள்ல கை தட்டினாங்க.

ஏழு நாள் தாண்டிட்டேன். எட்டாம் நாள் சாயங்காலம், தெருவுல மேடை கட்டி சீனக் கூத்து. கூட்டம் நெரியுது. முன்வரிசை மட்டும் காலி.

"இன்னாங்க, அத்தினி சேரு சும்மா கீது. போய் ஒக்காருங்க."

"நீ?"

"நான் தம்பிகூட பின்னால நிக்கிறேன். காத்து வருது."

இவ்ளோ பாசமான்னு போய் நடுவுல ஒக்காந்தேன். ராணி வேசம் கட்டினவ என் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னா. ரெண்டு முழ நீளத்துக்கு சட்டைக் கை தொங்குது. பளபளன்னு. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சி ஒக்காந்துட்டேன்.

ஒரு சீனத் தாத்தா ஓடியாந்தாரு. கண்ணை மூடி, நாக்கைத் தள்ளி, தலையைச் சாச்சி, சேரைக் காட்டினாரு. தூங்காதேன்றாரு போலன்னு நிமிந்து ஒக்காந்தேன்.

பின்னாலேர்ந்து குமரேசன் கொரல்: "மாமா, ஜல்தி எழுந்திரு. அது செத்தவங்களுக்குப் போட்ட சேரு. இந்த மாசம் அவங்க கூத்து பாக்க வருவாங்களாம். ரெண்டு பக்கமும் ஆளு கீது மாமா."

எகிறினேன் பாருங்க, நேரா மேடை. கையில ராணியோட சட்டைக் கை. புடிச்சதோட உட்டுதா? ரெண்டு வெரலு தானா தேய்க்குது. வாய் தானா சொல்லுது: "பாலிஸ்டரு."

திரும்பினா சிவசங்கரி.

"முன்வரிசை யாருதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"மத்தியானமே தம்பி சொன்னான்."

"பயத்துல புடிச்சதும்மா. அது சேராது."

"அந்த வரிசை பூரா ஆளுங்க ஒக்காந்துகினு இருந்தாங்க. ஒருத்தராவது கையை நீட்னாங்களா?"

இன்னிக்கு தீபாவளிங்க. ஜெயவேல் எதிர்ல ஒக்காந்துகினு கீறான். நூத்திநாப்பது அடி ஆச்சு, இன்னும் பாறைதான்.