நூறு சலவை, அதே அளவு

புரட்டாசி முதல் வாரம், வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளின் தட்டல் ஒரு பக்கம், பனியன் கம்பெனிகளின் இயந்திர இரைச்சல் மறுபக்கம் என்று ஊர் தன் வேலையில் மும்முரமாக இருந்த அந்த நேரத்தில், சாமியப்பன் தம் கம்பெனி வாசலில் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு நின்றார். இனிமேல் உலகம் தம் முகத்தைப் பார்க்கப் போகிறது என்று அவர் தீர்மானித்திருந்தார்.

ஐம்பத்து நான்கு ஆண்டுகளாக அந்த முகத்தைப் பார்க்காததால் உலகத்துக்கு ஒரு குறையும் ஏற்பட்டிருக்கவில்லை. ஆனால் சாமியப்பனுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. பின்னறையில் நாலாயிரத்து இருநூறு பனியன்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. தீபாவளி என்றால் திருப்பூரில் போனஸ் என்று பொருள். அந்தப் பனியன்கள் விற்றால்தான் கம்பெனியில் வேலை செய்யும் பதினான்கு பேருக்குப் போனஸ். விற்காவிட்டால், அவற்றைக் கழிவுத்துணிக் கடை வைத்திருக்கும் மைத்துனர் தரணீதரனிடம் கிலோக் கணக்கில் எடை போட்டுக் கொடுக்க வேண்டும். அப்படியும் பணம் போதாது. இருக்கும் பத்துத் தையல் இயந்திரங்களில் நான்கையும் விற்றாக வேண்டும்.

பனியன்கள் ஏன் கிடந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாயம் போட்டு வந்த பனியன் துணியை நீராவி காட்டி, உருளையில் அழுத்தி, சுருங்க வேண்டிய அளவுக்கு முன்கூட்டியே சுருக்கிவிடுவார்கள். அதற்குக் காம்பாக்டிங் என்று பெயர். அங்கே சுருங்கிய துணி வீட்டில் சுருங்காது. ஆனி மாதத்தில் மும்பைக் கடைக்காரர் ஒருவருடைய ஆர்டர் அவசரமாக ஓடிக்கொண்டிருந்தபோது, காம்பாக்டிங் மில்லில் மூன்று நாள் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கலாம் என்றார் மனைவி ஞானாம்பாள். சாமியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "காம்பாக்டிங் போட்டமா இல்லையான்னு துணிக்கு என்ன புள்ள தெரியப் போகுது?" என்று கேட்டார்.

துணிக்குத் தெரிந்திருந்தது. மும்பைக்காரர் ஒரு பனியனை எடுத்துத் துவைத்துப் பார்த்தார். மறு வாரமே சரக்கு முழுவதும் லாரியில் திரும்பி வந்துவிட்டது.

ஞானாம்பாள் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கம்பெனியின் செக்கிங் மேசை அவருடையது. கழுத்தில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பனியனையும் வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டையையும் கறையையும் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைப்பார். கணவரிடமும் அதே முறைதான். குறையைக் கண்டுகொள்வார், தனியே எடுத்து வைப்பார். "நீ சொன்னதுதான் சரி" என்ற ஒரு வாக்கியத்துக்காக அவர் மூன்று மாதமாகக் காத்திருந்தார். அந்த வாக்கியத்தைச் சொல்லாமலே சரக்கை விற்றுவிட வேண்டும் என்பதுதான் சாமியப்பனுடைய திட்டத்தின் மறுபாதி.

அதற்குத்தான் வீடியோ. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரில் குடியேறிய குடும்பத்துப் பெண் கோமளா, ஏற்றுமதிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சிறிய கடைக்காரர்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாத்திரக் கடைக்காரர் ஒருவரை மாடியிலிருந்து குடத்தைக் கீழே போடச் சொல்லி எடுத்த வீடியோவை ஏழு லட்சம் பேர் பார்த்தார்கள். மூலனூர் முருங்கைக்காய் வியாபாரி ஒருவரைக் காயின் நீளத்தோடு தம் உயரத்தை ஒப்பிடச் சொன்னாள். அவருக்குத் துபாயிலிருந்து விசாரணை வந்தது. கட்டணம் பதினெட்டாயிரம், பாதி முன்பணம்.

"முதல் மூணு செகண்டு அண்ணாச்சி, பாக்குறவன் கட்டவிரல அங்கனயே நிறுத்தணும். நிறுத்தலன்னா தள்ளிவிட்டுட்டுப் போயிருவான்" என்று அவள் விளக்கினாள்.

சாமியப்பன் புரிந்துகொண்டதாகத் தலையசைத்தார். பிறகு சிவன்மலை முருகனை வணங்கி, பருத்தியின் பெருமையில் தொடங்கி, தம் பாட்டனார் தறி நெய்த வரலாற்றுக்கு வந்து சேர நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். எந்தக் கட்டைவிரலும் அவ்வளவு நேரம் தாங்காது.

ஆனால் ஒரு காரியத்தை அவர் தாமாகவே செய்து வைத்திருந்தார். பிரிண்டிங் கம்பெனியில் சொல்லி, ஒரே ஒரு பனியனின் நெஞ்சில் பெரிய எழுத்தில் 'நூறு சலவை, அதே அளவு' என்று அச்சடித்து அணிந்திருந்தார். சிறிய பொய்தானே என்று அவர் கருதினார். நெஞ்சகலத்துக்கு அச்சடித்த பொய்யைச் சிறியது என்று சொல்ல முடியாது.

செக்கிங் மேசையிலிருந்து நிமிர்ந்து ஞானாம்பாள் அந்த எழுத்துகளை ஒருமுறை வாசித்தார். மறுபடியும் குனிந்துகொண்டார்.

அன்று கம்பெனிக்குள் எடுக்க வேண்டிய காட்சிகள் முடிந்தன. மறுநாள் வெளிக்காட்சிகள், அதே பனியனோடு வர வேண்டும், உடை மாறினால் ஒட்டாது என்று கோமளா சொன்னாள். சாமியப்பன் பெருமிதத்தோடு தையல் இயந்திரத்தில் சாய்ந்தார். நிமிர்ந்தபோது வயிற்றுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

ஞானாம்பாள் எழுந்து வந்தார்.

"ஏனுங்க, தொவச்சுப் போட்டறட்டுங்களா?"

சாமியப்பனுக்கு அப்போதுதான் உள்ளே ஏதோ சுருங்கியது.

"வேண்டாம் புள்ள. ஈரத்துணியில தொடச்சாப் போதும்."

"எண்ணெய்ங்க. தொடச்சாப் பரவும்."

"வேற ஒண்ணு அச்சடிச்சுக்கலாம்."

"பிரிண்டிங்ல நாளைக்கு லீவுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

கோமளா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுல என்ன அண்ணாச்சி யோசன? நூறு தடவ தொவச்சாலும் அதே அளவுன்னு நெஞ்சுலயே எழுதியிருக்குல்லா. மதினி, நீங்க தொவச்சிருங்க."

சாமியப்பன் குனிந்து தம் நெஞ்சைப் பார்த்தார். எழுத்துகள் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தன. இருந்தாலும் வாசிக்க முடிந்தது. துவைக்கக் கூடாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் மூன்று மாதம் கட்டிக் காத்தது போய்விடும்.

"தொவை" என்றார்.

"பச்சத் தண்ணியிலீங்களா, வெந்நீர்லீங்களா?"

இருபத்தெட்டு வருட இல்லற வாழ்க்கையில் ஞானாம்பாள் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதே இல்லை. "உன்ற இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் அறைக்குள் போனார்.

மறுநாள் காலை பனியன் கொடியிலிருந்து வந்தது. கறை சுத்தமாகப் போயிருந்தது. நீளத்தில் நான்கு விரற்கடையும் போயிருந்தது. அகலம் மட்டும் சற்றுக் கூடியிருந்தது. சாமியப்பன் முன்னால் இழுத்தார்; பின்னால் ஏறியது. பின்னால் இழுத்தார், முன்னால் ஏறியது.

"என்னங்க, புடிக்குதுங்களா?" என்று ஞானாம்பாள் கேட்டார். இஞ்ச் டேப் கழுத்தில்தான் தொங்கியது. அதை அவர் தொடக்கூட இல்லை.

"நேத்து ராத்திரி கொஞ்சம் அதிகமாச் சாப்பிட்டுட்டேன்."

"ரெண்டு தோசைங்க."

"தோசை பெருசு."

ஞானாம்பாள் அதை மறுக்கவில்லை.

வெளிக்காட்சியில், அடுக்கி வைத்த பனியன் மூட்டைகளின் மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, "வாங்க, வாங்க, நூறு சலவைக்கும் அதே அளவுங்க" என்று சாமியப்பன் அழைக்க வேண்டும். கைகள் உயர்ந்தன. கைகளோடு பனியனும் உயர்ந்தது. புரட்டாசி வெயிலில், ஐம்பத்து நான்கு வருடம் சோறு கண்ட வயிறும் அதன் நடுவே தொப்புளும் வெளியுலகைப் பார்த்தன. அவரோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமளா போன் திரையைப் பார்த்தாள், பிறகு ஞானாம்பாளைப் பார்த்தாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டதாகவும் மறுபடி எடுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னாள்.

முடிந்த வீடியோவை சாமியப்பன் சிறிய திரையில், வாசிப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்தார். முகத்தை மட்டும்தான் பார்த்தார். மீசை இன்னும் கொஞ்சம் கறுப்பாக இருக்கலாம் என்பதைத் தவிர அவருக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. வீடியோ ஏற்றும் கணக்கைத் தொடங்கத் தம் போன் எண்ணைக் கொடுக்க அஞ்சி, மனைவியின் எண்ணையே கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஏற்றிய வீடியோவை ஞாயிறு காலைக்குள் ஒன்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். திங்கள் முதல் பார்சல்கள் போகத் தொடங்கின. பேக்கரியில் முன்பின் தெரியாதவர்கள் சாமியப்பனை அடையாளம் கண்டு சிரித்தார்கள். புகழ் வந்தால் மனிதர்கள் அன்பாகிவிடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டுவதை நிறுத்தினார். சிறு தொழில் செய்கிற நான்கு பேரை அழைத்து, விளம்பரத்தில் குரல்வளம் எவ்வளவு முக்கியம் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள்.

புதன்கிழமை தரணீதரனின் கடைக்கே போய், எடைபோடும் தராசைக் காட்டி, "இது இனி நமக்கு ஆகாதுங்க மச்சான்" என்றார்.

தரணீதரன் நிதானமான மனிதர். தம் போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டு, நடுவில் இரண்டு இடங்களில் நிறுத்திக் காட்டினார். "மாப்ள, இங்க பாருங்க. கம்பெனிக்குள்ள எடுத்ததுல பனியன் இடுப்புக்குக் கீழ இருக்குது. இங்க தொப்புளுக்கு மேல இருக்குது. நெஞ்சுல மட்டும் அதே அளவுன்னு இருக்குது. எங்க ஊட்டுல நேத்திலிருந்து யாரும் சோறு திங்கல. சிரிச்சுட்டே இருக்கறாங்க."

சாமியப்பன் அவருடைய கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்பது லட்சம் பேர் தம் முகத்தைப் பார்க்கவில்லை என்பது தெளிவாயிற்று. முதல் மூன்று செகண்டிலேயே தொப்புள்தான் வந்தது. கோமளா கடைசிக் காட்சியை முதலில் வைத்திருந்தாள்.

"அப்ப எதுக்குங்க மச்சான் வாங்கறாங்க?"

"கீழ என்ற தங்கச்சி எழுதியிருக்குதே, படிக்கலீங்களா?"

வீடியோவின் அடியில், கம்பெனிக் கணக்கிலிருந்து, ஞானாம்பாளின் திருத்தமான தமிழில் இப்படி இருந்தது: "காணொளியில் காண்பது உண்மை. இந்தப் பனியன் முதல் சலவையில் நான்கு விரற்கடை சுருங்கும். துணிக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலையை நாங்கள் செய்யவில்லை. நீளத்துக்காகத் தங்கள் அளவுக்கு ஓர் அளவு பெரிதாக வாங்கவும். அதற்காகவே பாதி விலை. நெஞ்சில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்."

அதன் கீழே நாற்பதாயிரம் பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். இவ்வளவு உண்மை பேசும் கடையில் வாங்கலாம் என்று பலர் எழுதியிருந்தார்கள். அந்த அண்ணனுக்கு முதலில் ஒரு பெரிய பனியன் அனுப்புங்கள் என்று வேறு பலர் எழுதியிருந்தார்கள்.

சாமியப்பன் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கம்பெனிக்கு வந்தார். ஞானாம்பாள் பார்சல்களுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு போன்கள் மாறி மாறி அடித்தன. பின்னறையில் கூரைக்கும் மூட்டைகளுக்கும் நடுவே முதல் தடவையாகச் சுவர் தெரிந்தது. அந்தச் சுவரைப் பார்த்தபோது, கோபித்துக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் தயாரித்து வந்தது சாமியப்பனுக்கு மறந்துபோயிற்று.

"எம்பட மானத்தக் கப்பலேத்திட்டயே புள்ள" என்று மட்டும் சொன்னார்.

"பார்சல் வண்டியிலதானுங்க ஏத்துறேன். இதுவரைக்கும் ஆயிரத்து முந்நூறு."

சாமியப்பன் ஒரு பெட்டியை எடுத்து அவர் பக்கமாக நகர்த்தினார். பிறகு சுவரைப் பார்த்து, "காம்பாக்டிங் போட்டிருக்கோணும். நீ சொன்னதுதான் சரி" என்றார்.

"டேப் சத்தத்துல கேக்கலீங்க."

ஞானாம்பாள் டேப்பைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். போன்கள்கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தன. சாமியப்பன் மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை முகத்தைப் பார்த்து. ஞானாம்பாள் அதைச் செக்கிங் மேசையில் ஒரு பனியனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். குறையொன்றும் இல்லை என்று கண்டு, அடுத்த பெட்டியை எடுத்தார்.

கடைசிப் பனியன் தீபாவளிக்கு நான்கு நாள் முன்னதாகக் கணியூருக்குப் போயிற்று. போனஸ் பதினான்கு பேருக்கும் முழுதாக, தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மாலை, ஞானாம்பாள் கையால் கொடுக்கப்பட்டது. இயந்திரங்கள் பத்தும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. காம்பாக்டிங் மில்லுக்கு இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஞானாம்பாள் முன்பணம் கட்டிவிடுகிறார்.

கோமளாவுக்குத் தர வேண்டிய மீதி ஒன்பதாயிரத்தை சாமியப்பன் கார்த்திகை முதல் தேதி காலை கொடுத்தார். அதற்காகக் கணக்குக் கோப்பைத் திறந்தபோது, அவள் பில்லோடு இன்னொரு சீட்டும் இணைக்கப்பட்டிருந்தது. 'இரண்டாம் நாள் காட்சிகளில் எதையும் வெட்டாமல் இருப்பதற்கும், அவற்றையே முதலில் வைப்பதற்கும், ரூபாய் இரண்டாயிரம். ஞானாம்பாள் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டது, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி.'

வியாழக்கிழமை என்பது முதல் நாள். மாலை ஆறு மணிக்குப் பனியன் வாளியில்தான் ஊறிக்கொண்டிருந்தது.

சாமியப்பன் அந்த இரண்டாயிரத்தையும் கம்பெனிச் செலவாக அன்றைக்கே எண்ணிக் கொடுத்தார். ஞானாம்பாள் வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.