குழாய்க்காரர் வீட்டு வாஷ் பேசின்

கறுப்புத் தண்ணீர் முகத்தில் அடித்த பிறகுதான், வாஷ் பேசினுக்கு அடியில் மல்லாந்து படுக்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது குழாய்க்காரரின் மனைவிக்குத் தெரிந்தது. துப்பினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன்னை மாட்டாம எழுந்திருக்க மாட்டேன்" என்று பேசினைப் பார்த்தே சொன்னாள்.

எப்படி எழுந்திருப்பாள்? காலையில்தான் பெரிய சண்டை. ஊரில் உள்ள தொட்டிக்கும் குழாய்க்கும் ஓடி ஓடி வேலை பார்க்கிற மனுஷன், சொந்த வீட்டு பேசின் ஒழுகுவதற்கு மட்டும் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, இரண்டு வருஷமாக "நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாளியைக் கொட்டிக் கொட்டி அவள் கைதான் ஓய்ந்துபோனது. தண்ணீர் இறங்குகிற ஓட்டையில் மாட்டும் கப்ளிங் துருப்பிடித்திருந்தது. புதியதை அவளே வாங்கிவந்து நீட்டினாள். அவர் சிரித்தார். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றாள். இன்னும் பலமாகச் சிரித்தார்.

"நீ கை வெச்சே, வீடு மிதக்கும். சாயங்காலத்துக்குள்ள மாட்டலேன்னா, அப்புறம் இந்த வீட்டு ரிப்பேரைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது."

"மாட்டிட்டா?"

"வாசல் போர்டுல என் பேரை அழிச்சிட்டு உன் பேரை எழுதறேன்."

பழையது கழன்றுவிட்டது, புதியதை மாட்டுவதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தாள். ரப்பர் வாஷரைக் கப்ளிங்கின் கழுத்தில் கோத்து மேலிருந்து இறக்கினாள். அவர் மறந்து விட்டுப்போயிருந்த ஸ்பேனரால் அடியில் நட்டைத் திருகிவிட்டுத் தண்ணீரைத் திறந்தாள். இதுவரை சொட்டிக்கொண்டிருந்தது இப்போது ஊற்றியது.

வாசல் வரை ஓடிவந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும், ஒரு நல்ல குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் தெரிந்த குழாய்க்காரர் ஒரே ஒருவர்தான்.

போன் தையல்காரம்மாவுடையது. பேசியது குழாய்க்காரரின் மனைவி; குரல் தெரியாமல் இருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ, குழாய்க்காரரா? பேசினுக்கு ரப்பர் வாஷர் மேல வருமா, கீழ வருமா?"

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்கம்மா." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அடியிலதான் வரணும்மா. பதறாதீங்க, நீங்க நல்லாவே மாட்டிடுவீங்க."

அவளுக்கு வயிறு எரிந்தது. பதினாறு வருஷத்தில் இந்த 'ம்மா' ஒருநாள்கூட அவள் காதில் விழுந்ததில்லை. துண்டு எங்கே என்று கேட்பதற்கே வள்ளென்று விழுகிறவர், முன்பின் தெரியாதவளுக்கு நிதானமாக யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறார்.

வாஷரை அடியில் போட்டாள். நட்டைத் திருகினால் கப்ளிங்கும் கூடவே சுற்றியது. மேலே கத்தரிக்கோலைச் செருகிப் பிடித்துக்கொள்ளும்படி தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடி படுத்தாள். கால் மணி நேரம் திருகியும் நட்டு ஏறுகிற வழியாக இல்லை. எழுந்து பார்த்தால், தையல்காரம்மாவும் மூச்சு வாங்கச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க திருப்பற பக்கமே நானும் திருப்பறேன். ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு."

அடுத்தது விளிம்புக்கு சிலிக்கான் பசை. கொஞ்சமாக வைத்தால் ஒழுகிவிடுமோ என்று டியூப் முழுவதையும் பிதுக்கி, காயும் முன்பே தண்ணீரைத் திறந்தாள். பேசின், தரை, கத்தரிக்கோல், அவள் தலைமுடி எல்லாம் பிசுபிசுவென்று ஆனது. மறுபடி போன், மறுபடி மூக்கு, மறுபடி "லைன்ல இருங்கம்மா". சிலிக்கான் காய ஒரு நாள் ஆகும், அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பிசைந்த மாவு போன்ற குழாய்ப் புட்டியைத் திரி மாதிரி உருட்டி விளிம்புக்கு அடியில் வைத்து இறுக்கினால் உடனே தண்ணீர் விடலாம் என்று பதில் வந்தது.

மணி நாலைத் தாண்டியிருந்தது. தையல்காரம்மா மெதுவாக, வாளிதான் இருக்கிறதே என்று ஆரம்பித்தாள்.

"வாளின்னு இன்னொரு தடவை சொன்னீங்க, உங்களையும் சேர்த்து உள்ள வெச்சு இறுக்கிடுவேன்."

வீட்டிலிருந்த அவருடைய பழைய பையைக் கொட்டி ஒரு டப்பா புட்டியைக் கண்டுபிடித்தாள். உருட்டினாள், வைத்தாள், அழுத்தினாள். இந்த முறை கத்தரிக்கோல் அசையவில்லை. நட்டு ஏறியது. பேசினை அடைத்துத் தளும்பத் தளும்ப நிரப்பி, திறந்துவிட்டு, அடியில் கையை நீட்டினாள். கை ஈரமாகவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை, வாளியைத் தூக்கி வெளியே எறிந்தாள்.

குழாய்க்காரர் வந்தபோது, வீட்டில் விட்டுப்போன அந்த ஸ்பேனரை வாங்கிப்போக, அவரோடு நாள் முழுக்க வேலை பார்த்த கூட்டாளியும் கூட வந்திருந்தார். குழாய்க்காரர் பேசினுக்கு அடியில் குனிந்தார், தடவினார், நிமிர்ந்தார்.

"யாரை வெச்சு மாட்டினே? இது கை தேர்ந்தவன் வேலை."

நான்தான் என்றாள். கதை விடாதே என்றார். சத்தியம் செய்தாள். அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ, குழாய்க்காரரா?"

அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, அது நீதானா? அப்போ மூளை என்னோடது, கை மட்டும்தான் உன்னோடது. போர்டுல என் பேரே இருக்கட்டும்."

அவசரப்பட்டு உளறிவிட்டோமே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாள் முழுக்க அவள் பட்ட பாட்டை நின்ற இடத்திலேயே தன் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டார். ஆனாலும் அவள் வழிவிடவில்லை. போர்டில் பேர் மாறாமல் இன்றைக்கு யாருக்கும் சோறில்லை என்று, ஸ்பேனரைப் பிடித்தபடி வாசலை மறித்து நின்றாள்.

ஸ்பேனருக்காகக் காத்து நின்ற கூட்டாளி, பொறுமையில்லாமல் வாயைத் திறந்தார்.

"என்னண்ணே நீங்க, அந்த அம்மா கேட்டதுக்கெல்லாம் போனைப் பொத்திக்கிட்டு என்னைக் கேட்டுத்தானே சொன்னீங்க, உங்களுக்கு பேசின் மாட்டத் தெரியாதுங்கறது அண்ணிக்கு இன்னுமா தெரியாது?"