என் புல்வெளியில் கிடக்கும் உங்கள் பனி

மேல் வீடு, ஓபர்லாய்ட்டன்
ஏப்ரல் கடைசிச் செவ்வாய்

என் தங்கை சென்சியின் கணவரும், நம் ஊர் பனிச்சறுக்கு லிஃப்ட் சங்கத்தின் தலைவரும், பனி உருகுவதைக்கூடத் தம் அனுமதி இல்லாமல் நடக்கும் காரியமாகக் கருதுபவருமான மதிப்பிற்குரிய மாப்பிள்ளை லியோன்ஹார்ட் அவர்களுக்கு,

மைத்துனன் கஸ்பர் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் ஆஃப்ராவும் பதினொரு மாடுகளும் நலம். புல் நலமில்லை. அங்கு உங்கள் இடது முழங்காலும் சென்சியின் ரத்தக் கொதிப்பும் மட்டுப்பட்டிருக்கப் புனித லியோன்ஹார்டை வேண்டுகிறேன். உங்களுக்குப் பெயர் கொடுத்த அந்தப் புனிதர் மாடுகளின் காவலர் என்பதையும் இந்த இடத்தில் ஞாபகப்படுத்துகிறேன்.

மூன்று வீடு தள்ளி இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று சென்சி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுக்க நிற்கும்போது, கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, "இனிமே ஒங்களுக்கும் எனக்கும் பேச்சே கெடையாது மச்சான்" என்று அறிவித்தவர் நீங்கள். ஆகவே பேசவில்லை, எழுதுகிறேன். முட்டைக் கூடைக்கு அடியில் வைத்து அவளே கொண்டுவந்து தருவாள்.

முதலில் பனி விஷயம். சறுக்குச் சரிவின் கடைசி நானூறு மீட்டர் என் புல்வெளி மேல் போகிறது என்பதைத் தாங்கள் மறந்திருக்கலாம். ஈஸ்டர் வரைக்கும்தான் என்று என் சமையலறையில், என் பேரிக்காய்ச் சாராயத்தைக் குடித்துக்கொண்டே கைகொடுத்தீர்கள். ஈஸ்டர் போய் மூன்று வாரம் ஆகிறது. எதிர்ச் சரிவில் எல்லார் நிலத்திலும் புல் கணுக்கால் அளவு வந்துவிட்டது, அவர்களுடைய மாடுகள் வெளியே நின்று என் மாடுகளுக்குக் கேட்கிற மாதிரி கழுத்து மணியை ஆட்டுகின்றன. என் நிலத்திலோ நட்டநடுவில் அடிபட்ட காலுக்குக் கட்டுப்போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. அதுவும் வானத்திலிருந்து விழுந்த பனியா என்றால் இல்லை. காட்டு நிழலில் கிடப்பதை லாரியில் அள்ளிவந்து கொட்டி, அதைத் தட்டி நிரவி, அதன் மேல் ஜெர்மனியிலிருந்து வந்த பல் டாக்டர்கள் சட்டையில்லாமல் சறுக்குகிறார்கள். காலை எட்டு மணிக்கு அந்தப் பனி கல், பத்து மணிக்கு வெண்ணெய், பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி. கஞ்சியில் சறுக்கி விழுந்தவர்களெல்லாம் எழுந்து என் வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். இந்த மாதத்தில் மட்டும் ஏழு வேலிக்கம்பு. "நாட்டுப்புறம் எவ்ளோ அழகா இருக்கு, நீங்க குடுத்துவச்சவரு" என்று ஒரு அம்மாள் உடைந்த கம்பை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். வாங்கிக்கொண்டேன், அவள் விருந்தாளி.

இரண்டாவது, கடைசிப் பந்தயம். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை நம் ஊர் சட்டமாக வைத்திருக்கிறது: கடைசிப் பந்தயம் ஓடி, கடைசி ஆள் கோட்டைத் தாண்டி, நீங்கள் அந்தப் பித்தளை மணியை அடிக்கும்வரை சீசன் முடியாது, லிஃப்ட் ஆட்கள் யாரும் ஊரைவிட்டுப் போகக்கூடாது. பைத்தியக்காரத்தனமான வழக்கம். மணி அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன? மே மாதத்தில் பனிச்சறுக்கு நடத்துவதற்குப் பதிலாக ஜூலையில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கலாம். முடியுங்கள், மூட்டையைக் கட்டுங்கள், எல்லாரும் போகவேண்டிய இடத்துக்குப் போகட்டும் என்று மார்ச் மாதத்திலிருந்து நான் கத்துகிறேன்.

ஆஃப்ராவும் போகட்டும். உங்கள் பனிச் சமன் வண்டியை எட்டு வருடமாக ஓட்டுகிறவள், இங்கே பனி முடிந்ததும் நியூசிலாந்துக்குப் போவதும் அங்கே பனி முடிந்ததும் திரும்பி வருவதும் எனக்குப் பழக்கம்தான். குளிரிலிருந்து குளிருக்குப் போகிறவள் என்பதால் ஒரே பெட்டி, கம்பளி உடுப்பு மட்டும். இந்தத் தடவை இரண்டு பெட்டி. இரண்டாவதில் கோடைக் கவுன்களை மடித்து வைக்கிறாள், அங்கே கோடை வருவது டிசம்பரில். அங்கே லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஒருவனுக்கு ஏரிக்கரையில் வீடு இருக்கிறதாம். போன வாரம் காலைச் சாப்பாட்டின்போது அவளாகவே சொன்னாள்.

"ரேஸ் முடிஞ்சு மணி அடிச்சதும் கெளம்பிடுவேம்ப்பா. அதுக்கு முன்னாடி நகர மாட்டேன், மாமாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"எப்ப திரும்புவே?"

"காபி ஆறுது, குடிங்க" என்றாள்.

நல்லது. ஈரப் பூட்ஸ் இல்லாமல் அடுப்படி சுத்தமாக இருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நடந்ததைத் தாங்கள் ஊருக்கெல்லாம் ஒரு மாதிரி சொல்லிவருவதால், நடந்தபடி எழுதுகிறேன். பத்து மணிக்கே பனி கஞ்சியாகிவிட்டது. பேக்கரி செவெரின், கடைசிப் பந்தயத்துக்கு வேஷம் கட்டும் வழக்கப்படி கன்னியாஸ்திரீ வேஷத்தில், மேலே புறப்படும் இடத்தில், காலில் சறுக்குக் கட்டையோடு முழங்கால் வரை புதைந்து நின்றான். வாத்திய கோஷ்டி வாசித்ததையே மூன்றாம் தடவை வாசித்தது. நீங்கள் தோல் அரைக்கால்சட்டையும் மார்பில் பதக்கமுமாக அங்கும் இங்கும் ஓடிக்கொண்டு, "உப்பு! உப்பப் போடுங்கடா!" என்று கூவினீர்கள். உருகுகிற பனியில் உப்பைத் தூவினால் ஒரு மணி நேரத்துக்கு இறுகும், அது எனக்கும் தெரியும். ஆனால் பந்தய உப்பு தீர்ந்துபோய், அதற்குப் பதில் விவசாயிகள் கடையிலிருந்து மாட்டு உப்பு வாங்கிவைத்த மூளை யாருடையது? மலை மேய்ச்சலில் மாட்டைக் கூப்பிட நாம் என்ன செய்வோம் மாப்பிள்ளை? உப்புச் சாக்கைக் குலுக்குவோம். தாங்களும் ஒரு விவசாயியின் மகன்தான். பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று, அக்டோபரிலிருந்து வெளிச்சம் பார்க்காத பதினொரு மாடுகள் இருக்கிற தொழுவத்துக்கு எதிரில், முப்பது சாக்கைக் குலுக்கினால் என்ன ஆகும்?

ஆனது. தலைமாடு லோட்டி முன்னால் வந்தாள், மற்றவை பின்னால். ஏழு மாதம் அடைபட்ட மாடு நடந்து வராது, வாலைத் தூக்கிக்கொண்டு குதித்து வரும். முதல் வளைவுக் கம்பத்தை மிதித்தன, இரண்டாவதன் கொடியைத் தின்றன, பிறகு தலையைக் குனிந்து சரிவை மேலிருந்து கீழாக நக்க ஆரம்பித்தன. சங்கத்தின் வண்டி எட்டு வருடத்தில் அவ்வளவு ஒழுங்காகச் சமன் செய்ததில்லை. அந்த நேரம் பார்த்து செவெரின் மேலிருந்து புறப்பட்டுவிட்டான். "தள்ளு! தள்ளு! எனக்கு நிறுத்தத் தெரியாது!" என்று அலறிக்கொண்டே வந்து, லோட்டியின் விலாவில் மோதி, அங்கேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவனுடைய முக்காட்டையும் நக்கினாள்.

"மச்சான், ஒங்க மாட்டப் புடிங்க!" என்றீர்கள்.

"நீங்க மொதல்ல ஒங்க உப்பப் புடிங்க மாப்ளே!" என்றேன்.

"வேணும்னே தொழுவத்தத் தெறந்து விட்டுட்டீங்க!"

"என் மாட்டுக்கு நான் சொல்லணுமா? ஒங்க சங்கத்துக்காரங்களவிட அதுங்களுக்கு அறிவு ஜாஸ்தி!"

சென்சி நடுவில் வந்து, "ரெண்டு கெழங்களும் வாயை மூடுங்க, ஜனங்க வீடியோ எடுக்குறாங்க" என்று சொல்லாவிட்டால் இன்னும் என்னென்னவோ சொல்லியிருப்பேன். ஆஃப்ரா மட்டும் வண்டிக்குள் உட்கார்ந்தபடி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தயம் ரத்து. மணி அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு என்று ஒலிபெருக்கியில் சொன்னீர்கள், அடுத்த மூச்சில் பேச்சு இல்லை என்றும் சொன்னீர்கள்.

ஆகவே என் கோரிக்கைகள். நான் தொழுவத்தைத் திறந்துவிட்டேன் என்ற பழியை, சொன்ன அதே ஒலிபெருக்கியில் திரும்பப் பெறவேண்டும். தாழ்ப்பாள் உளுத்துப்போனது, உங்கள் வண்டி தினமும் பக்கத்தில் உறுமிப் போகிற அதிர்வில் தானே கழன்றது. மாடுகளுக்கு இரண்டு நாளாகத் தாகம் அடங்கவில்லை, அந்தத் தண்ணீரைச் சுமப்பவனுக்கு முதுகு அடங்கவில்லை. அடுத்த ஞாயிறு பந்தயம் கிந்தயம் எதுவும் வேண்டாம். நாளைக்கே அந்த மணியை அடித்து, கொடியை இறக்கி, உங்கள் பனியை என் நிலத்திலிருந்து வாரிக்கொண்டு போங்கள். வரும் குளிர்காலத்துக்கு வேறு ஒருவன் புல்வெளியைப் பார்த்துக்கொள்ளவும்.

சென்சிக்கு என் ஆசிகள். அவள் அனுப்பிய ரொட்டி உருண்டையில் உப்பு சரியாக இருந்தது, அவளிடமாவது அளவு இருக்கிறது. தங்கள் முழங்காலைக் குளிரில் காட்டவேண்டாம், அந்த அரைக்கால்சட்டை வயதுக்கு ஏற்றதல்ல. ஆண்டவர் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், ஒருவருக்காவது நல்ல புத்தியையும் தருவாராக.

இப்படிக்கு,
மனம் கசந்த மைத்துனன்,
கஸ்பர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், முடியவில்லை. இதற்குக் கீழே இருப்பதை சென்சியிடம்கூடக் காட்டவேண்டாம்.

தாழ்ப்பாள் உளுக்கவில்லை. இரும்பு. நான்தான் திறந்தேன். சாக்கைக் குலுக்கும் சத்தம் கேட்டதும் கை தானாகப் போய்விட்டது என்று சொல்லலாம், அதுவும் பொய். காலையிலிருந்தே தொழுவத்துக்குள் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தால் அவள் போய்விடுவாள் மாப்பிள்ளை. அவள் அம்மா போனபிறகு இந்த மேசையில் இரண்டு தட்டு. இனி ஒன்று. மே கடைசிக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம், அப்புறம் அந்த ஏரிக்கரை வீட்டுக்காரனுக்கும் மனம் மாறலாம். இன்னும் நாலு ஞாயிறுதான். இது பாவம் என்று எனக்குத் தெரியும், பாதிரியாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று ஆஃப்ரா தொழுவத்துக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாள். பூட்டும் போட்டாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே தெறக்காதுப்பா" என்றாள். சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். எனக்காக ஒரு வாரம் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று அப்போது புரிந்தது. புரிந்தும் இதை எழுதுகிறேன்.

இனி என் கையில் எதுவும் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மழை, பந்தயம் தள்ளிவைப்பு என்று ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள், அதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொன்னவர்தானே நீங்கள். பனி தீர்ந்தால் பந்தயம் இல்லாமலே சீசன் முடிந்துவிடும், அது நடக்கக்கூடாது. தொழுவத்துக்குப் பின்னால், நிழலில், பிப்ரவரியிலிருந்து பனியை மரத்தூள் போட்டு மூடி வைத்திருக்கிறேன், இருபது வண்டி தேறும். எதற்கு என்று கேட்காதீர்கள். லாரியை அனுப்புங்கள், பனி நான் தருகிறேன்.