ஏறி நில்லு அண்ணாத்தேயும் என் மூன்றாவது மேஜையும்

எந்தப் பொருளையும் ஏறி நின்று பார்க்காமல் நம்பக் கூடாது என்ற ஒரே கொள்கையோடு வாழ்கிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார். ரேஷன் கார்டில் அவருக்கு என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. ஆவடியிலிருந்து முத்தாபுதுப்பேட்டை வரை எல்லோருக்கும் அவர் 'ஏறி நில்லு அண்ணாத்தே'.

அவர் பட்டறையில் செய்த எதுவும், வாங்குகிறவர் ஏறி நிற்காமல் வெளியே போகாது. கட்டில் செய்யக் கொடுத்த கல்யாண வீட்டார், மாப்பிள்ளை, மாமனார், வீடியோக்காரர் உட்படக் கும்பலாக ஏறி நின்ற பிறகுதான் வண்டியில் ஏற்ற முடிந்தது. ஜன்னல் கம்பி என்றால் அவரே அதில் வௌவாலாகத் தொங்கிக் காட்டுவார். கேட் என்றால் தொற்றிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவார். துளசித் தொட்டி வைக்க ஸ்டாண்டு கேட்ட ஒரு மாமியிடமும், "ஏறி நில்லுமா" என்றிருக்கிறார்.

"செடிதானேப்பா வைக்கப் போறேன்?"

"செடி வளராதா?"

மாமி ஏறி நின்றார்.

இந்த வழக்கத்துக்குக் காரணம் அவருடைய மாமியார். தொழிலுக்கு வந்த புதிதில் அவர் செய்த முதல் ஸ்டூலில் ஏறி மாவிலைத் தோரணம் கட்டிய மாமியார், ஸ்டூலோடு தரைக்கு வந்துவிட்டார். கால் எலும்பு முறிவு. "அது கூட பரவால்லமா" என்று அண்ணாத்தே என்னிடம் சொன்னார். "கட்டு பிரிக்கிற வரிக்கும் என் ஊட்லயே தங்கிட்டாங்க." அந்தக் கஷ்டம் இன்னொரு மனிதனுக்கு வரக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஆரம்பித்ததுதான் இந்தப் பரீட்சை.

நான் அவரிடம் போய் நின்றது ஒரு மேஜைக்காக. உடைந்த பீங்கான் துண்டுகளை ஒட்டி மொசைக் செய்வது என் கிறுக்கு. அயனம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் யார் வீட்டில் கப் உடைந்தாலும் குப்பைத்தொட்டிக்குப் போகாது, என் வீட்டு வாசலுக்கு வரும். ஏற்கெனவே இரண்டு மேஜை செய்து, இரண்டும் போய்ச் சேர்ந்திருந்தன. முதல் மேஜைக்கு ஆன்லைனில் வாங்கிய கால்கள். பாரம் தாங்காமல் பலகை வளைய வளைய, துண்டுகள் பல் விழுவது போல ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இரண்டாவதுக்கு அம்பத்தூரில் ஒருவர் வெல்டிங் வைத்துக் கொடுத்த சட்டம். அதன் நான்கு கால்களும் ஒருநாளும் ஒன்றாகத் தரையைத் தொட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அதில் முழங்கையை ஊன்றி ஃபோன் பேசினார். மேஜை படுத்துவிட்டது.

அழுதுகொண்டே பெருக்கிக்கொண்டிருந்த என்னிடம், "உடைஞ்சதை வெச்சுதானே செஞ்சே? இதையும் பொறுக்கி இன்னொண்ணு பண்ணிடேன்" என்றார், ஐ.டி. கம்பெனியில் எல்லாப் பிரச்சினைக்கும் தீர்வு சொல்லிப் பழகிய அந்த மனிதர். அன்று அவருக்கு ஹோட்டல் சாப்பாடு.

மூன்றாவது பலகை அப்படிப் பொறுக்கி இன்னொன்று செய்யக்கூடியது இல்லை. வட்டமான அந்தப் பலகையின் நடுவில் ஒரு பெரிய நீலப் பூ. அப்பாவின் ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று உடைந்துபோன அம்மாவின் பீங்கான் தட்டுகள்தான் அதன் இதழ்கள். அப்பா ஷிஃப்ட் முடிந்து எந்த நேரத்துக்கு வந்தாலும் அம்மா சோறு போட்ட தட்டுகள் அவை. அம்மா இப்போது இல்லை. இதுவும் உடைந்தால் மொசைக்குக்கே ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஃபோனில் படம் காட்டினேன். ஒல்லியாக வளைந்து இறங்கும் மூன்று கால்கள்.

"இன்னாமா இது, கொசு காலு கணக்கா கீது?"

"அழகா இருக்கணும்ணா."

"அழகு அப்பால. மொதல்ல நிக்கணும்."

"அதுக்குத்தான் மூணு கால். தரை எப்படி இருந்தாலும் ஆடாது."

"மூணு காலா? நீ மேஜை கேக்கிறியா, ஆட்டோ கேக்கிறியா?"

ஒரு வாரம் கழித்துப் போனால், ரயில் தண்டவாளத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. நகர்த்தக்கூட முடியவில்லை. "எனக்கு மேஜை வேணும்ணா, மேம்பாலம் வேணாம்" என்றேன். அவர் முகம் சுருங்கி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. பட்டறையில் அவருக்குச் சரிசமமாகச் சம்மட்டி பிடிக்கிற அவர் மனைவி எனக்குப் பரிந்து பேச வந்தார்.

"அந்தம்மா சொல்றது கரீட்டுதான்யா. நம்ம ஊட்டு கட்டில நவுத்த முடியாம, கண்ணாலம் ஆன நாள்லேந்து நான் அடியில பெருக்கவே இல்ல."

அண்ணாத்தே கம்பியை மறுபடி உலையில் போட்டார். அது செக்கச்செவேலென்று பழுத்ததும் இருவரும் மாறி மாறி அடித்தார்கள். மேலே தடியாக ஆரம்பித்த கால், கீழே போகப் போக மெலிந்து, நுனியில் அழகாகச் சுருண்டு நின்றது. நான் கேட்ட ஒல்லியும் அதில் இருந்தது, அவர் கேட்ட உறுதியும் இருந்தது. அந்தச் சட்டத்தின் மேல் அவரும் அவர் மனைவியும் பக்கத்து டீக்கடைக்காரரும் ஏறி நின்றார்கள். இம்மியும் அசையவில்லை. பலகையைச் சுற்றி வரும் வளையம் மட்டும்தான் பாக்கி. அளவுக்காகக் கொண்டுபோயிருந்த பலகையை அங்கேயே விட்டுவிட்டு, ஆயிரம் தடவை 'பத்திரம்' சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரோடு போய் இறங்கினால், என் பலகை தரையில் கிடக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் குறட்டால் பிடித்தபடி, நெருப்பாய்ச் சிவந்த வளையத்தைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி வருகிறார்கள்.

"என்னண்ணா பண்றீங்க?"

"வளையத்த லேசா சின்னதா அட்ச்சிகீறேன். சூட்டோட மேல போட்டு தண்ணி ஊத்துனா கப்புனு புட்ச்சிக்கும். மாட்டு வண்டி சக்கரத்துக்கு எங்கப்பாரு இப்டித்தான் இரும்பு பட்டா போடுவாரு. ஆயுசுக்கும் கயலாது!"

நான் யோசிக்கவே இல்லை. பலகை மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டேன்.

"அது மரச் சக்கரம்ணா! இது பீங்கான், வெடிச்சிடும்!"

"ஏந்திரிமா, இரும்பு ஆறுது!"

"ஆறட்டும்!"

ஆறியது. என் சுடிதார் முழுக்கக் கரி. "தொழில் தெரிஞ்சவன் பேச்ச யாரு கேக்கறா" என்று முனகிக்கொண்டே வளையத்தை மறுபடி காய்ச்சி, சுற்றிலும் ஒரு தீக்குச்சி நுழையும் அளவு இடம் இருக்கும்படி அகட்டி அடித்தார். அது நன்றாக ஆறிய பிறகு நானே பலகையைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தேன். கறுத்த இரும்புக்கு நடுவில் நீலப் பூ மலர்ந்து கிடந்தது. அண்ணாத்தே தோள் துண்டை எடுத்து, பூவின் மேல் விழுந்திருந்த கரித்தூளை மெதுவாகத் தட்டினார்.

"எடுத்துட்டுப் போகலாமாண்ணா?"

"ஏறி நில்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சட்டத்து மேலதான் மூணு பேர் ஏறி நின்னீங்களே!"

"அது ஒடம்பு. தலை இப்பத்தான வந்துகீது? வெறும் ஒடம்ப பாத்து எந்த டாக்டரு சட்டிபிகேட் குடுப்பாரு?"

"விட்டுடுங்கண்ணே, காப்பி டம்ளர் வைக்கத்தான் போறோம்" என்று என் வீட்டுக்காரர் சமாதானத்துக்கு வந்தார். அண்ணாத்தே அவரைப் பார்த்த பார்வையில் அவர் பைக் பக்கம் ஒதுங்கிவிட்டார்.

நான் பூவைப் பார்த்தேன். உதிர்ந்துபோன முதல் மேஜையும் படுத்துவிட்ட இரண்டாவது மேஜையும் ஞாபகத்துக்கு வந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய் இதையும் தினம் பயத்தோடு பார்த்துக்கொண்டு என்னால் வாழ முடியாது என்று பட்டது. உடைவதானால் இங்கேயே, இந்த மனிதர் கண்ணெதிரிலேயே உடையட்டும். செருப்பைக் கழற்றினேன். துப்பட்டாவால் பாதங்களைத் துடைத்தேன். அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறி நின்றுவிட்டேன்.

ஆடவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. எனக்கு வந்த தைரியத்தில் இரண்டு தடவை குதித்தும் பார்த்தேன்.

கீழே பார்த்தால், ஏறி நில்லு அண்ணாத்தே மேஜைக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார்.

"எறங்குமா... போதும்மா... பூ மேல நிக்காதம்மா, நோவும்."

"நீங்கதானே ஏறச் சொன்னீங்க?"

"நான் சொல்லுவேன். அதுக்குனு ஏறிடுவியா?"

அவர் மனைவி சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

மேஜை இப்போது எங்கள் ஹாலில் நிற்கிறது. போன மாதம் அயனம்பாக்கத்தில் ஏதோ கிரில் வேலைக்கு வந்த அண்ணாத்தே, "நம்ம பூ எப்டி கீது?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தார். குனிந்து மூன்று கால்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கொதிக்கக் கொதிக்க டீ கொடுத்தேன்.

"மேஜைல வைங்கண்ணா, சுடும்."

"வேணாம்மா, சூடு பட்டா பூவுக்கு ஆவாது."

சிவந்த இரும்புக்கு அசராத மனிதர், டீ ஆறும்வரை டம்ளரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா இருந்திருந்தால், அந்த நீலத் தட்டில்தான் அவருக்குச் சோறு போட்டிருப்பாள்.