முட்டிக்குவாரு டீச்சர்

செத்துப்போன கணவரின் சௌகரியத்துக்காக வீட்டை இடித்துக் கட்டியவர் திண்டுக்கல்லில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் முட்டிக்குவாரு டீச்சர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவள். முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனது ஒரு சாயங்காலம். தெருவெல்லாம் விளக்கு எரிகிறது, அந்த வீட்டில் ஒரு பல்பு கூட எரியவில்லை. கூடத்தில் ஒரு சேர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. உட்காரப் போனேன்.

"அதுல உக்காராதம்மா. அவரு இருக்காரு."

இருட்டிலிருந்து டீச்சரின் குரல். நான் பாதி உட்கார்ந்த நிலையிலேயே எழுந்து, காலிச் சேரிடம் மன்னிப்புக் கேட்டேன். தெரு வெளிச்சம் பட்ட எதிர்ச் சுவரில் டீச்சரின் கணவர், கழுத்தில் விசிலும் அதற்கு மேல் நிலக்கோட்டை மல்லிகையுமாக ஒரு போட்டோவில் நின்றார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். ஆறடி உயரம்.

டீச்சரின் மகன் சென்னையில் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அம்மா தனியாகச் சமாளிக்கத் தோதாக வீடு இருந்தால் சரி, இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அவரைக் கையோடு கூட்டிப் போய்விடுவார். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

டீச்சர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். சுவர் முனையெல்லாம் உருண்டையாக இருக்க வேண்டும். எந்த வாசலிலும் காலைத் தடுக்கும் மேடு கூடாது. ஸ்விட்ச் எல்லாம் கதவுக்கு வலப்பக்கம், ஒரே உயரத்தில். கூடத்துத் தரை வழவழப்பு, சமையலறைத் தரை சொரசொரப்பு.

"ஏன் டீச்சர், ஒரே டைல்ஸ் போட்டா அழகா இருக்குமே?"

"அழகா இருக்கும். அவரு முட்டிக்குவாரு."

எதைக் கேட்டாலும் பதில் இதுதான். படிக்கட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கைப்பிடி கேட்டார். "கீழ உள்ளது எனக்கு. மேல உள்ளது அவருக்கு. அவரு உயரத்துக்குக் குனிஞ்சு புடிச்சா முதுகு வலிக்கும்ல?"

கொத்தனார் செபஸ்தி பக்கத்து ஊரான எரியோட்டுக்காரர். ஒரு வாரத்தில் என்னிடம் வந்து நின்றார்.

"மேடம், நம்ம ஆளுக எவனும் தனியா உள்ள போக மாட்டேங்கிறான். மணல் சலிக்கிறவன் அந்தச் சேருக்கு வணக்கம் வச்சிட்டுத்தான் சட்டியவே தூக்குறான்."

"நீங்க சொல்லக்கூடாதா செபஸ்தி அண்ணே?"

"நான் காலையிலயே 'குட் மார்னிங் சார்' சொல்லிருவேன் மேடம். நமக்கு எதுக்கு வம்பு?"

புதிதாக மாற்றும் அறைகளை மொட்டைமாடியில் முழு அளவில் போட்டுக் காட்டுவது என் பழக்கம். டீச்சருக்குச் செங்கல் அடுக்கித்தான் காட்ட வேண்டும். வெறுங்காலோடு வந்து, கால் கட்டைவிரலால் கல்லைத் தொட்டுத் தொட்டு நடந்து பார்ப்பார். ஒரு நாள் கல் தீர்ந்துவிட்டது. செபஸ்தி சுண்ணாம்புப் பொடியால் கோடு இழுத்து வைத்துவிட்டார்.

உச்சி வெயில். டீச்சர் வந்தார். படுக்கையறைச் சுவருக்குள் புகுந்தார். குளியலறைக்குள் குறுக்கே நடந்து, அதன் சுவரையும் தாண்டி, அலமாரிக்குள் போய் நின்றார். முகத்தில் சிரிப்பு.

"நல்லா இருக்கும்மா. தாராளமா நடக்கலாம்."

செபஸ்தி சிலுவை போட்டுக்கொண்டார். "மேடம், சுவத்துக்குள்ள பூந்து போறாங்க. டீச்சரம்மாவும் செத்துட்டாங்களா மேடம்?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. டீச்சரின் கண்ணுக்கு அங்கே கோடே இல்லை.

செபஸ்தியை டீ வாங்க அனுப்பினேன். டீச்சரின் கையைப் பிடித்துத் தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார வைத்தேன்.

"எத்தனை நாளா டீச்சர்?"

"அவரு இருக்கும்போதே மங்கல்தான். அவரு தோளைப் புடிச்சே நடந்துட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. மதுரையில பாத்தாச்சு. போன பார்வை போனதுதானாம். பையனுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே மூட்டை கட்டிருவான். இங்க நான் நடந்துருவேம்மா. அவன் ஃபிளாட்டுல எனக்குக் கதவு எங்கன்னே தெரியாது."

"அப்ப முட்டிக்கிறது..."

"நாந்தான். கண்ணு தெரியலன்னு சொன்னா பாவம் பாப்பீக, வேலை நடக்காது. செத்தவருக்குன்னா பயந்துகிட்டு ஒழுங்கா செய்வீக. பாத்தேல்ல?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேல் கைப்பிடி மட்டும் நெசமாவே அவருக்குத்தான்."

அன்று இன்னும் சில வேலைகளைச் சேர்த்தேன். குளியலறைச் சுவரில் பிடிமானம், அடுப்பு மேடைக்கு உருண்டை விளிம்பு, திறந்து கிடந்து இடிக்காத சறுக்குக் கதவுகள். செபஸ்தி ஏன் என்று கேட்டார். "முட்டிக்குவாரு" என்றேன். உடனே டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார்.

கிறிஸ்துமஸ் அன்று கேக் சாப்பிட என்னையும் கூப்பிட்டிருந்தார் டீச்சர். மகன் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தி மயங்கும் நேரத்தில் கரண்ட் போனது. இருட்டில் தடாலென்று ஒரு சத்தம். மகன் அப்பாவின் சேரில் முட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா! டார்ச் எங்கம்மா?"

"டார்ச்சா? அது எதுக்குடா?"

சமையலறையிலிருந்து சீரான காலடிச் சத்தம் வந்தது. அதற்குள் மகன் செல்போன் விளக்கைப் போட்டு, சத்தம் வந்த பக்கம் நேராக அடித்தார். வெளிச்சம் டீச்சரின் முகத்தில் விழுந்தது. கையில் காபித் தட்டு. ஒரு சொட்டு சிந்தவில்லை. கண் கூசவும் இல்லை.

"எப்ப இருந்தும்மா?" மகன் விளக்கைத் தரைப்பக்கம் தாழ்த்தினார்.

"காபி ஆறுது, குடி. இப்ப முட்டிக்கிட்டது யாருடா?"

விடுமுறை முடிந்து மகன் தனியாகத்தான் சென்னைக்குப் போனார். அடுத்த தடவை வந்தபோது, தனக்கென்று ஒரு டார்ச் வாங்கி வந்தாராம்.

போன மாதம் மாடிச் சுவரில் ஈரம் கசிகிறதென்று பார்க்கப் போனேன். படியேறும்போது கவனித்தேன். கீழ்க் கைப்பிடி டீச்சரின் கைபட்டுப் பளபளவென்று இருந்தது. மேல் கைப்பிடியை விரலால் தடவினேன். தூசி இல்லை.

"இதையும் துடைக்கிறீங்களா டீச்சர்?"

"அதை நான் எதுக்கும்மா தொடப்போறேன்? அது அவரோடதுல்ல."

வேலைக்கு ஆள் வைத்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது டீச்சரிடம் சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தச் சேர் பக்கமும் திரும்பி, "வாரேன் சார்" என்றேன்.